பதினாலாம் ரூமின் இரண்டாவது கதவு

ஒத்தப்பனைப்பட்டி மக்களுக்கு விழிப்புணர்வு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அது பந்தல் போட்டு, மைக் வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வழங்கப்பட்டது என்பதுதான். சர்க்காரிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். பட்டாசுத் தொழிலாளர் பாதுகாப்புக்கான பன்னிரண்டு விதிகள் அச்சடித்த தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் நாட்டுக்கு ஒரு தொந்தரவும் வந்திருக்காது. நாளைக்கு வந்து அந்த விதிகளைப் பார்க்காமல் ஒப்பிப்பவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி பரிசு என்று அறிவித்தார் பாருங்கள், அங்கேதான் சறுக்கினார்.

சோலையம்மாளுக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் வாளி தேவைப்பட்டது. மகள் வேல்விழி பத்தாவது வரை படித்தவள். அவள் வாசிக்க வாசிக்க, சோலையம்மாள் சோறு பொங்கிக்கொண்டே மனப்பாடம் செய்தாள். மறுநாள் மைக் முன்னால் நின்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள்: "ஒரு ரூமுல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது. ரூமுக்கு ரெண்டு கதவு, எதிரும் புதிருமா இருக்கணும். கதவு வெளிப்பக்கமாத் தொறக்கணும். கதவுக்கு முன்னால ஒண்ணையும் அடுக்கக் கூடாது..." பன்னிரண்டும் முடிந்தன. வாளி கிடைத்தது. அதிகாரி கை தட்டினார். அவர் கணக்கில் ஒரு ஊர் விழித்துவிட்டது. அடுத்த ஊருக்குப் பந்தல்காரரை அனுப்பிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வாளியை வாங்கிக்கொண்டு விதிகளை அங்கேயே விட்டுவிட்டு வரும் சாமர்த்தியம் சோலையம்மாளுக்கு இல்லை. மறுநாள் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்ப் பதினாலாம் ரூமில் வெடிச்சரம் பின்ன உட்கார்ந்தபோது, இருபது வருஷமாகக் கண்ணில் படாததெல்லாம் பட ஆரம்பித்தது. ரூமில் பத்துப் பேர் இருந்தார்கள். நுழைகிற கதவு ஒன்று இருந்தது. எதிர்ச்சுவர் நெடுக, தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. அந்தப் பெட்டிகளில் முதுகு உரச, கடைசி ஆளாக, இந்த சீசனில்தான் வேலைக்குச் சேர்ந்த வேல்விழி உட்கார்ந்திருந்தாள். ஒரு பொறி பட்டால் மகள் ஒன்பது பேரைத் தாண்டி வர வேண்டும். சோலையம்மாள் அதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். அப்புறம் சரம் பின்ன ஓடவில்லை.

போர்மேன் சண்முகவேல் வந்தபோது கேட்டாள்.

"அண்ணாச்சி, ரெண்டாவது கதவு எங்க?"

"அந்தா இருக்குல்ல."

"அங்கன பெட்டில்ல இருக்கு."

"பெட்டிக்குப் பின்னால இருக்கு. கதவு என்ன ஓடியா போகும்?"

"அவசரம்னா எப்படி வெளிய போறது?"

"அவசரம்னு ஒண்ணு வந்துட்டா போறதுக்கு ஆளு இருக்கணும்ல" என்று சிரித்தார் சண்முகவேல். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூக்கம்மாளைப் பார்த்து, "இவளுக்கு அந்த வாளியத் தந்திருக்கக் கூடாது" என்றார்.

மூக்கம்மாள் சோலையம்மாளுக்கு மதினி முறை. வாய்த் துடுக்குக்காரி. "அண்ணாச்சி, ஒங்க ஆபீசு ரூமுக்கு எத்தனை கதவு?" என்று கேட்டாள். போர்மேனுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

பேச்சு பதினாலாம் ரூமிலிருந்து கம்பெனி வேனுக்குப் போனது. வேனிலிருந்து தண்ணீர்க் குழாயடிக்கு, அங்கிருந்து பக்கத்து ஊர்களுக்கு. சோலையம்மாள் விதிகளை ஒப்பிக்க, வேல்விழி மனு எழுதினாள். மூன்று மாதத்தில் பதினோரு ஊர்களில் கையெழுத்து சேர்ந்தது. இருக்கன்குடி கோயிலுக்கு வந்த கூட்டத்திலும் வாங்கினார்கள். கம்பெனி வாட்ச்மேன் இருளாண்டிகூட யாரும் பார்க்காத நேரத்தில் ஏழாவதாகக் கையெழுத்துப் போட்டார். ஆனால் வாங்கிக்கொள்ளத்தான் ஒரு ஆபீசும் முன்வரவில்லை. நல்லவேளையாக இரண்டாயிரத்து ஆறு பிறந்தது; தேர்தல் வந்தது.

அந்த வருஷம் வேட்பாளர்கள் ஊருக்கு ஊர் போய், கேட்காததை எல்லாம் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒத்தப்பனைப்பட்டியில் மட்டும் பெண்கள் ஊர் வாயிலில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அய்யாதுரையின் பிரச்சார வேன் நின்றது. அவர் இறங்கிக் கும்பிட்டார்.

"என்னத்தா வேணும்? ரோடா, தண்ணியா?"

"கதவு" என்றாள் சோலையம்மாள்.

"வீட்டுக்கா?"

"கம்பெனிக்கு. இருக்கிற கதவத் தொறந்து விட்டாப் போதும்."

அய்யாதுரை திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவர் காதருகே வந்து பதினோரு ஊர்களின் ஓட்டு எவ்வளவு என்று சொன்னார். அய்யாதுரை கண் கலங்கியது. மைக்கை வாங்கினார். "நானும் சரம் பின்னுனவந்தான்! இந்த வெரல்ல மருந்துக் கருப்பு போக எனக்குப் பத்து வருசம் ஆச்சு! என் தாய்மார்களுக்கு ஒரு கதவு தொறக்கலேன்னா நான் எதுக்குச் சட்டசபைக்குப் போகணும்?"

பெண்கள் முள்ளை எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அவருடைய வேனில் பெரிய கதவு ஒன்று வரையப்பட்டுவிட்டது. எதிர்த்து நின்றவர் மறுநாளே ஜன்னலும் சேர்த்துத் தருவதாக அறிவித்தார், அது எடுபடவில்லை. அய்யாதுரை ஜெயித்தார். மாலையைக் கழற்றாமலே, "இது என் வெற்றியல்ல, கதவின் வெற்றி" என்றார். ஒத்தப்பனைப்பட்டியில் சோலையம்மாளைத் தூக்காத குறைதான்.

வெற்றி பெற்ற கதவைப் பற்றி ஆராய ஆறு மாதம் கழித்து விருதுநகரில் ஒரு குழு கூடியது. சோலையம்மாளைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். வெடிமருந்தைப் பார்க்கிற அதிகாரி முதலில் பேசினார்.

"கதவு வெடிக்கக்கூடிய பொருள் அல்ல. ஆகவே எங்கள் வரம்புக்குள் வராது."

கட்டடத்தைப் பார்க்கிற அதிகாரி வரைபடத்தை விரித்தார். "கதவு இதில் இருக்கிறது. இதில் இருந்தால் இருப்பதாகத்தான் பொருள். திறப்பதும் மூடுவதும் உபயோகம் சம்பந்தப்பட்டது. உபயோகம் எங்களிடம் இல்லை."

வேலையைப் பார்க்கிற அதிகாரி இரண்டு பேரையும் ஒப்புக்கொண்டார். "வேலை நேரத்தில் தொழிலாளி கதவைத் திறந்து வெளியே போவது, வேலையிலிருந்து நீங்குவதாகும். அதற்கு வசதி செய்து கொடுப்பது ஒழுங்கீனத்தை ஊக்குவிப்பதாகிவிடும்."

சோலையம்மாள் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தீப்பிடிச்சா யாரு அய்யா வருவாக?"

"அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது அம்மா. ஆனால் அவர்கள் பிடித்த பிறகுதான் வர முடியும்" என்றார் மூன்றாமவர், ஒரு சின்னக் குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு.

எம்.எல்.ஏ. அய்யாதுரை மேசையைத் தட்டினார். நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்றும், முன்னறிவிப்பில்லாத திடீர் ஆய்வு என்றும் முடிவு செய்தார். வெளியே வந்து சோலையம்மாளைத் தனியே கூப்பிட்டார். "நீங்க எப்பவும் போல அவுங்கவுங்க எடத்துல இருங்க. நான் அதிகாரிகளோட வந்து, இங்க எத்தனை பேரு வேலை செய்றீகன்னு கேப்பேன். உள்ளதச் சொல்லுங்க. அவுக எழுதிக்கிடுவாக. அன்னைக்கே கதவு தொறந்துரும். சரிதானே?"

"சரிங்க அண்ணாச்சி."

அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே ஊருக்கு வந்தாள். சந்தோஷத்தில் அழுதது அதுதான் கடைசி.

திடீர் ஆய்வுக்கு வருகை தரும் எம்.எல்.ஏ.வை வருக வருக என வரவேற்று வெம்பக்கோட்டை ரோட்டில் பத்து நாட்களுக்கு முன்பே பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். ஒத்தப்பனைப்பட்டியிலும் ஏற்பாடு நடந்தது. குழாயடியில் மூக்கம்மாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எம்.எல்.ஏ.வாக நடந்து வருவாள். ஒவ்வொருத்தியும் அவளிடம் உள்ளதைச் சொல்லிப் பழக வேண்டும். "என்னத்தா, சாப்பிட்டீகளா?" என்று மூக்கம்மாள் ஆரம்பித்தாலே பாதிப் பேர் சிரித்து உருண்டார்கள். ஆனாலும் எல்லாரும் பாடத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு பாடத்தை அவர்கள் ஏற்கனவே கற்றிருந்தார்கள். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ரோட்டில் ஜீப்பின் புழுதி தெரிந்ததும் கேட்டில் நிற்கிற இருளாண்டி நீளமாக ஒரு விசில் அடிப்பார். அடித்ததும் ஒவ்வொரு ரூமிலும் பத்துப் பேரில் ஆறு பேர் எழுந்து, கம்பி வேலியில் இருக்கிற சந்து வழியாக வெளியேறி, கருவேலங்காட்டுக்குள் போய்க் குந்திக்கொள்ள வேண்டும். ஓட மாட்டாதவர்களும் போர்மேனுக்கு வேண்டியவர்களுமாக ரூமுக்கு நாலு பேர் மிஞ்சுவார்கள். அதிகாரி வந்து எண்ணுவார், நாலு என்று எழுதுவார், போவார். இரண்டாவது விசிலுக்கு ஆறு பேரும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சரம் பின்னுவார்கள். சோலையம்மாள் இருபது வருஷமாக அப்படி ஓடியவள். விசிலைக் கேட்டு, யோசித்து, எழுந்து ஓடுவது என்பதெல்லாம் புதுசாகச் சேர்ந்தவர்கள் செய்வது. அவளுக்கு விசில் நேராகக் காலில்தான் விழும்.

ஆய்வு நாளன்று காலையில் பெட்டிகளைக் காணோம். எதிர்ச்சுவரில் பச்சைப் பெயிண்ட் மணக்க ஒரு கதவு, விரியத் திறந்து நின்றது. வேல்விழி முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

"எம்மா, காத்து வருதும்மா" என்றாள்.

பத்துப் பேரும் வேலையை விட்டுவிட்டு அந்தக் கதவு வழியாகத் தெரிந்த ஒரு துண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு ரோட்டில் புழுதி கிளம்பியது.

அப்புறம் என்ன நடந்தது என்று சோலையம்மாளுக்கு வரிசையாகச் சொல்லத் தெரியாது. ஒரு விசில் கேட்டது. அடுத்ததாக அவள் கருவேலங்காட்டுக்குள், மகளை ஒரு கையால் அணைத்தபடி, மூச்சிரைக்கக் குந்தியிருந்தாள். பச்சைக் கதவு வசதியாகத் திறந்திருந்ததால் அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்து சேர்ந்திருந்தார்கள். சுற்றிலும் முள்ளுக்கு முள் தலைகள். எல்லா ரூம்களின் ஆட்களும் இருந்தார்கள். இருநூறு பேருக்குக் குறையாது.

மூக்கம்மாள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"மதினி... இன்னைக்கு நாம ஓடணுமா, இருக்கணுமா?"

இருநூறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சோலையம்மாள் எழுந்து ஓடினாள். வேலிச் சந்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"உள்ள ஆய்வு நடக்கு. வெளியாளு போகக் கூடாது."

"நான் வெளியாளு இல்லய்யா. உள்ளாளு. பதினாலாம் ரூமு."

"உள்ளாளா இருந்தா வெளிய என்ன பண்ற?"

விழிப்புணர்வு முகாமில் இதற்குப் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கைதட்டல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கார்கள் கிளம்பிப் போயின. போர்மேன் வந்து, இன்றைக்கு மிச்ச நேரம் எல்லாருக்கும் லீவு என்றும், சாயங்காலம் டவுன் மண்டபத்தில் பாராட்டு விழா, சாப்பாடு உண்டு என்றும் சொன்னார்.

"ஏன் அண்ணாச்சி விசில் அடிக்கச் சொன்னீக?" என்று சோலையம்மாள் கேட்டாள்.

"நான் யாரையும் அடிக்கச் சொல்லலையே. ஓடவும் சொல்லலையே" என்றார் சண்முகவேல். அவர் சொன்னது நிஜம்.

கேட்டில் இருளாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "அடிக்கணும்னு நெனக்கலத்தா. சத்தியமா நெனக்கல. ஜீப்பைப் பாத்ததும் கை தானா வாய்க்குப் போயிருச்சு" என்றார். "பழைய விசிலக் காங்கலேன்னு காலையிலதான் போர்மேன் புதுசு ஒண்ணு வாங்கிக் கழுத்துல மாட்டி விட்டாரு."

சாயங்காலம் மண்டபத்தில் எம்.எல்.ஏ. பேசினார். முன் வரிசையில் முதலாளி சங்கரலிங்கமும் மூன்று அதிகாரிகளும் இருந்தார்கள்.

"மக்கள் விழித்துக்கொண்டால் தலைவன் தூங்க முடியாது! நீங்கள் கேட்டீர்கள், நான் போனேன். என் கண்ணால் பார்த்தேன். ரூமுக்கு நாலே நாலு பேர்! நானே எண்ணினேன். இரண்டு கதவும் திறந்திருந்தன. நாங்கள் நுழைந்தபோது ஒரு விசில் சத்தம் கேட்டது. என்ன என்று விசாரித்தேன். வரவேற்பு என்றார்கள். அந்த அன்பை என்னவென்று சொல்வது! வழிநெடுக நூற்றுக்கணக்கான செருப்புகள் கிடந்தன. நாலு நாலு பேராக வேலை செய்கிற இடத்தில் ஏன் இவ்வளவு செருப்பு என்று அதிகாரி ஒருவர் கேட்டார். நான் சொன்னேன்: வேலை செய்கிற இடத்தைக் கோயிலாக நினைக்கிறவர்கள் இவர்கள், ஆளுக்கு இரண்டு ஜோடி கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். குறை இருந்தால் சொல்லுங்கள் என்று பதினாலாம் ரூமில் நின்று மூன்று முறை கேட்டேன். குறை சொல்ல அங்கே ஒருத்தர்கூட இல்லை!"

கைதட்டல் ஓய நேரமானது. அடுத்து, போராடி வெற்றி பெற்ற சோலையம்மாளுக்குப் பொன்னாடை. அதற்கடுத்து நன்றியுரை, அதையும் அவள்தான் சொல்ல வேண்டும் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தது. அவள் மைக்கைப் பிடித்தாள்.

"அய்யாமாரே, நாங்க ஒரு ரூமுல பத்துப் பேரு. நீங்க வந்தப்ப நாங்க முள்ளுக்குள்ள..."

மண்டபத்து வாசலில் பத்தாயிரம் வாலா சரம் கொளுத்தினார்கள். கம்பெனி உபயம், பதினாலாம் ரூமில் பின்னியது. சோலையம்மாள் பேசிக்கொண்டேதான் இருந்தாள். அவள் வாய் அசைவதை எல்லோரும் பார்த்தார்கள். நல்ல சரக்கு, ஒரு வெடிகூடப் புஸ்ஸாகவில்லை. சத்தம் ஓய்ந்தபோது கூட்டம் பந்திக்குப் போயிருந்தது.

எம்.எல்.ஏ. மட்டும் அவள் பக்கம் வந்து, "நல்லாப் பேசுனீக" என்றார்.

"அண்ணாச்சி, நாங்க ஓடுனத நீங்க பாக்கலையா?"

அய்யாதுரை பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். அப்புறம் மைக்கில் பேசுகிற குரலை விட்டுவிட்டு, ஊர்க்குரலில் பேசினார்.

"பாத்தேன் தாயி. நானும் அந்த வேலிச் சந்துல ஓடுனவந்தானே. விசிலு கேட்டா நீங்க நிக்க மாட்டீகன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அண்ணாச்சி?"

"தெரிஞ்சதுனாலதான தாயி தைரியமா அதிகாரிகளக் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றார் அவர். அதில் எகத்தாளம் ஏதுமில்லை. வீட்டு மனுஷியிடம் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். "பந்தி ஆறிரும். போய்ச் சாப்பிடுங்க."

அவள் சாப்பிடவில்லை. பொன்னாடையை மண்டபத்து நாற்காலியில் போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலையில் பதினாலாம் ரூமில் பெட்டிகளை மறுபடி அடுக்கியிருக்கவில்லை. அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அவளுக்கு எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் போல இருந்தது. பச்சைக் கதவு சாத்தியிருந்தது. வேல்விழி எழுந்து தள்ளினாள். ஒரு சாண் திறந்து, டங்கென்று இடித்து நின்றது.

இன்னொரு முறை தள்ளினாள். அதே ஒரு சாண்.

போர்மேன் வந்து விளக்கினார். "கல்வெட்டு வச்சிருக்கு. எம்.எல்.ஏ. கதவத் தொறந்து வச்ச ஞாபகார்த்தமா. கதவையும் கல்லையும் ஒண்ணாப் பாக்கிற மாதிரி பக்கத்துல இருக்கணும்னு அவுக ஆளுக சொல்லிட்டாக. நேத்து மத்தியானமே கொத்தனார் திட்டுக் கட்டி நிறுத்திட்டாரு."

"கதவு வெளிப்பக்கமால்ல தொறக்குது!" என்றாள் மூக்கம்மாள்.

"ஆமா. விதி அப்படித்தான் இருக்கு. உள்பக்கமாத் தொறந்தா சட்டவிரோதம்."

"அப்பக் கல்ல நவுத்துங்க."

"சர்க்காரு கல்லுத்தா அது. தொட்டா ஜெயிலு. வேணும்னா மனு எழுதிக் குடுங்க." அவர் போய்விட்டார்.

பிறகு வேல்விழி தாவணியை இடுப்பில் இழுத்துச் செருகினாள். மூச்சை அடக்கி, ஒருக்களித்து, முதலில் ஒரு கை, அப்புறம் தலை, அப்புறம் இடுப்பு என்று அந்த ஒரு சாண் வழியாக வெளியே போய் நின்றாள்.

"எம்மா, நான் வந்துருவேன்" என்றாள். "நீ வா பாப்போம்."

சோலையம்மாள் எழுந்து போனாள். கை போனது. தோளில் பாதி போனது. அதற்கு மேல் போகவில்லை.

"மூச்ச உள்ள இழும்மா."

இழுத்துப் பார்த்தாள். மரச்சட்டம் நெஞ்சில் அழுந்தியது. பின்னாலிருந்து மூக்கம்மாள் ஒரு தள்ளுத் தள்ளினாள். "ரெண்டு மாசம் கஞ்சியக் கொறச்சா நானும் நீயும் போயிரலாம் மதினி" என்றாள்.

வெளியே வேல்விழி கல்லுக்கு முன்பக்கமாகப் போய் நின்று, பளபளவென்று மின்னிய எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தாள். எம்.எல்.ஏ. பெயர் பெரிதாக இருந்தது. அதிகாரிகள் பெயர்கள் இருந்தன. முதலாளி பெயர் இருந்தது. அவள் வாசிப்பது நின்றது.

"எம்மா."

"என்ன?"

"கீழ ஒம் பேரு போட்டிருக்கும்மா."

"என்னன்னு?"

"முன்னிலைன்னு. தொழிலாளர் சார்பில் திருமதி சோலையம்மாள் முன்னிலையில்னு வெட்டியிருக்கு." வேல்விழி எழுத்துகளை விரலால் எண்ணினாள். "நேத்து மத்தியானம் வெட்டி முடிக்க முடியுமாம்மா இம்புட்டு எழுத்து?"

சோலையம்மாள் கதவுக்கு வெளியே நீட்டியிருந்த கையால் கல்லின் பின்பக்கத்தைத் தடவினாள். உளி படாத சொரசொரப்பு. ஒரு தரம் பலம் கொண்ட மட்டும் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை, கொத்தனார் நல்லவிதமாகத்தான் பூசியிருந்தார்.

தோளை உள்ளே இழுத்துக்கொண்டாள். ரவிக்கை கிழிந்திருந்தது. ரூமைத் திரும்பிப் பார்த்தாள். எட்டுப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒல்லியா இருக்கிறவளுக எல்லாரும் இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றாள்.